தம்பி பெயர் ஒட்டிய டப்பா

அந்த டப்பா ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில் வந்தது. நர்சிங் ஹோம்களில் சாம்பிள் சேகரித்து வருகிறவர் பைக்கிலிருந்து தெர்மாக்கோல் பெட்டியை இறக்கி, என் மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஏழு டப்பாக்கள். ஐந்தாவதை எடுத்து லேபிளைப் படித்தேன். என் தம்பியின் பெயர் இருந்தது.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், திசுப் பிரிவில் டெக்னீஷியன். ஒரகடம், படப்பை, சுங்குவார்சத்திரம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஆபரேஷன் செய்து எடுக்கிற உறுப்பு, கட்டி எல்லாம் எங்களிடம் வரும். கர்ப்பப்பை, பித்தப்பை, தைராய்டு. பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல்கூட ஒருமுறை வந்திருக்கிறது. டாக்டர் அறுத்துக் கொடுக்கும் துண்டுகளை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, அவருடைய மைக்ராஸ்கோப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது வரை என் வேலை. என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. பதிமூன்று வருஷமாகச் செய்கிறேன். லேபிளில் உள்ள பெயர்களைச் சரிபார்ப்பேனே தவிர, அந்தப் பெயர்களுக்கு முகம் உண்டு என்று நினைத்துப் பார்க்க மாட்டேன். நினைத்தால் வேலை ஓடாது.

எங்கள் ஊர் வல்லக்கோட்டை. முருகன் கோயில் இருப்பதால் தம்பியின் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். வயது இருபத்தெட்டு. கூட வந்த படிவத்தில் போன் நம்பர் எழுதியிருந்தார்கள். அந்த நம்பருக்கு அன்று காலையில்தான் போன் செய்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

நம்பருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இடது விதை, இறங்காதது, கவட்டிலிருந்து முழுதாக எடுக்கப்பட்டது.

எங்களிடம் அவன் சொல்லியிருந்தது ஹெர்னியா. ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறான். சனிக்கிழமை ஆபரேஷன் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் இளநீரும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனோம்.

"வெயிட்டு தூக்கித் தூக்கி வந்துச்சாம்க்கா. ஒன்னும் இல்ல. ரெண்டு வாரம் லீவு சொல்லிட்டேன்" என்றான்.

"யாரு டாக்டரு? நான் பேசட்டுமா?"

"இன்னாத்துக்கு? நீ வேற, எல்லாத்துலயும் பூந்துகினு."

அவன் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று இளநீருக்கு ஸ்ட்ரா தேடிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரா அவள் கையிலேயே இருந்தது. அதைக் கவனித்தும் நான் எதுவும் யோசிக்கவில்லை.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவும் தொட்டிக்குப் போய் வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்குள் இருந்தது. தப்பித்துவிட்டோம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவன் ஒன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். பல், கண், எடை. சாயங்காலம் அவன் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. அப்பா அப்போது லாரியில் வெளியூரிலேயே கிடந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் வரும் காகிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். ஆங்கிலத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் கடைசி வார்த்தை சர்ஜரி என்பது மட்டும் புரிந்தது.

"ஆபரேஷன்னு போட்டுருக்குதும்மா" என்றேன்.

அம்மா அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவனுக்கு ஒரு பக்கம் இல்லாத மாரி கீது. குளிப்பாட்டும்போதே பாத்துகினுதான் கீறேன். அதத்தான் எழுதிக்கீறாங்களோ இன்னாவோ. நீ போயி உங்க சயின்ஸ் டீச்சராண்ட காட்டிக் கேட்டுகினு வா."

சயின்ஸ் டீச்சர் ஓர் ஆண். எனக்குப் பதினாலு வயது. சீட்டை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து இரண்டு நாள் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் வாசல்வரைகூடப் போகவில்லை. தம்பியின் அந்த இடத்தைப் பற்றி ஓர் ஆம்பளையிடம் எந்த வார்த்தை சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மா மறுபடியும் கேட்டபோது, "கேட்டுட்டேன். பெருசானா தானா எறங்கிடுமாம். ஒன்னும் பண்ண வேணாமாம்" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் யாரோ அம்மாவிடம் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் உடனே நம்பிவிட்டாள். சீட்டைக் கிழித்துப் பம்புசெட்டு வாய்க்காலில் போட்டேன்.

பிற்பாடு இந்தப் படிப்புக்கு வந்தபோது பாடத்தில் அதுவும் இருந்தது. குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போது விதைகள் அடிவயிற்றில் உருவாகிக் கீழே இறங்கி வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒன்று பாதி வழியில் நின்றுவிடும். பிறந்து சில மாதத்துக்குள் இறங்காவிட்டால் பிறகு தானாக இறங்காது. சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து இறக்கி வைக்க வேண்டும். உடம்புச் சூடு அதற்கு ஆகாது. வருஷம் போகப் போகத் திசு கெடும். சிலருக்குப் பின்னாளில் அதிலேயே புற்றுநோய் வரலாம். இவ்வளவும் படித்தேன். படித்த வருஷம் அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் சீட்டு விஷயமும் வெளியே வந்துவிடும். இதற்குள் இறங்கியிருக்கும், அம்மா கவனித்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள்கூட நான் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.

சொந்தக்காரர்களுடைய சாம்பிள் வந்தால் இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். கூட வேலை செய்கிற பெண் அன்று லீவில் இருந்தாள். அவள் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் டப்பாவுக்கு நம்பர் போட்டுப் பதிவு செய்தேன்.

மத்தியானம் டாக்டர் வந்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி, அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, அளந்து, அறுத்து, பார்த்ததைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஐந்தாவதைத் திறந்தபோது என் கண் காகிதத்தில்தான் இருந்தது.

"ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார்.

அப்போது பார்த்தேன். அரைநெல்லிக்காய் அளவுதான். நல்ல விதையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே இருக்கும் சதை பொங்கிக்கொண்டு வரும். பழுப்பு நிறத்தில், இடுக்கியால் இழுத்தால் நூல் நூலாக எழும்பும். இது பொங்கவில்லை. கத்தி போன இடத்தில் வெள்ளையாக, பழைய தழும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. டாக்டர் இடுக்கியால் இழுத்துப் பார்த்தார். எதுவும் எழும்பவில்லை.

"கட்டி ஒன்னும் தெரியல. எதுக்கும் முழுசையும் போட்டுடலாம்" என்று மொத்தத்தையும் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினார். துண்டுகளை வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் கேசட்டுகள் ஆறு ஆயின. மூடிகளை நான் அழுத்தி மூடினேன்.

இரவெல்லாம் அது மெஷினில் ஊறியது. புதன்கிழமை காலையில் மெழுகில் பதித்து, ஐஸ் தட்டில் இறுகவைத்து, சீவ உட்கார்ந்தேன். பிளேடு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் மெழுகு ரிப்பனாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கமில்லாமல் கண்ணாடியில் ஏந்த வேண்டும். அன்று முதல் மூன்று ரிப்பன் கிழிந்தன. பழகுநராகச் சேர்ந்த முதல் வாரத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஆனதில்லை. பிளேடை மாற்றிவிட்டுத் திரும்பச் சீவினேன். அவன் உடம்பின் ஒரு பகுதி தண்ணீரில் ரோஜா இதழ் மாதிரி விரிந்து மிதந்தது.

சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று டாக்டருக்கு அனுப்பும் முன் நாங்கள் ஒருதரம் பார்ப்போம். அதற்கு எங்கள் மேஜையிலேயே ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருக்கிறது. சாயத்தைப் பார்க்கத்தான் நான் குனிந்தேன் என்று சொன்னால் அது பொய்.

நல்ல திசுவில் வட்ட வட்டமாகக் குழாய்கள் தெரியும். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் செல்கள் அடுக்கடுக்காக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தம்பியின் குழாய்கள் சுருங்கியிருந்தன. சுவர்கள் தடித்து, இளஞ்சிவப்பு வளையங்களாகிவிட்டிருந்தன. உள்ளே விந்தணு உண்டாக்கும் செல் ஒன்றுகூட இல்லை. முதல் ஸ்லைடு அப்படி, இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும். பாழடைந்த வீடுகள் வரிசையாக இருக்கிற தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. அதுவரை எனக்குப் பயமில்லை. துக்கமாகத்தான் இருந்தது. இது செத்துப்போன திசு, செத்ததால் ஒரு கெடுதலும் வராது என்று நினைத்தேன்.

நான்காவது ஸ்லைடின் ஓரத்தில் ஐந்தாறு குழாய்களில் மட்டும் ஆள் நடமாட்டம் இருந்தது. சுவரை ஒட்டி, வரிசையாக, பெரிய பெரிய செல்கள். சுற்றிலும் வெளிறி, நடுவில் கருத்துப் பருத்த உட்கரு. எங்கள் கூடத்துக்கு இப்படி வருவது அபூர்வம். அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பக்கத்திலேயே கட்டி இருந்தது.

ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கி டாக்டரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வழக்கமாக நிற்க மாட்டேன். மற்ற ஸ்லைடுகளை முடித்துவிட்டு அவர் இதற்கு வந்தார். நான்காவதில் அவர் கை நின்றது. லென்ஸை மாற்றினார். மறுபடியும் மாற்றினார்.

"இந்தப் பேஷன்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, படிவத்துல எதாவது போட்டிருக்காங்களா?"

"ஆயிடுச்சு மேடம். ஒரு வருஷம் ஆவுது. அது என் தம்பி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எதிரில் இருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நீயும் பார்த்துட்ட, இல்ல?"

"பார்த்தேன்."

"நான் இப்போ சொல்றது ரிப்போர்ட் இல்ல, சும்மா சொல்றேன். இது இன்னும் புற்றுநோய் ஆகல. ஆகறதுக்கு முந்தின படி. குழாய்க்குள்ளயே இருக்கு. சுவரை உடைச்சு வெளிய வந்திருந்தா வேற கதை. வந்திருக்கான்னு பார்க்கணும், இன்னும் ஆழமா சீவிக் கொடு. சென்னைக்கு அனுப்பி ஸ்பெஷல் ஸ்டெயினும் போடணும். அஞ்சு நாள் ஆகும்."

"சின்ன வயசுலயே எறக்கி வெச்சிருந்தா இது வந்திருக்காதா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. இறக்கி வெச்சவங்களுக்கும் வரும். வராம இருக்கறவங்கதான் ஜாஸ்தி, இறக்காதவங்கள்லகூட. ஆனா பெரிய பையனாகறதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா வாய்ப்பு குறைஞ்சிருக்கும். ஏன் கேக்கற?"

நான் தட்டில் இருந்த ஸ்லைடுகளை நேராக்கினேன்.

"வெளிய ஒரு வார்த்தை பேசாத. அவனோட சர்ஜன் சொல்லட்டும். உனக்குத் தெரியும்னு அவனுக்கே தெரியாது, இல்லையா?"

ஐந்து நாள் என்றவர்கள் ஏழு நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழு நாளில் இரண்டு முறை ஊருக்குப் போனேன். தையல் பிரித்து வந்திருந்தான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ்கள் போகும்போது கூட வேலை செய்கிறவர்கள் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினார்கள். அவனும் ஆட்டினான். அவன் சிரிக்கும்போதெல்லாம் அந்தக் குழாய்களின் ஓரத்து வரிசை எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியாததை, அவன் உடம்பைப் பற்றி, அவன் எதிரில் உட்கார்ந்து தெரிந்துவைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே அவனுக்கு மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளைங்களுக்கு வர்றதுதான இந்த ஹெர்னியா" என்றாள். பிறகு, எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே, "சின்னதுல இவனுக்கு ஒரு பக்கம் எறங்கலன்னு நான் எம்மாம் பயந்துகினு இருந்தேன். நீதான் டீச்சராண்ட கேட்டுகினு வந்து தைரியம் சொன்ன. அதுமாரியே சரியாப்போச்சு பாரு" என்றாள்.

ரசம் பொங்கியது. அடுப்பைத் தணிக்க நான் குனிந்ததால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து ஸ்லைடுகள் திரும்பி வந்தன. சந்தேகப்பட்ட செல்கள் இருந்தால் பழுப்பு ஏறும், இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே ஓரத்தில் பழுப்பாக ஐந்தாறு சின்ன வளையங்கள் வெறும் கண்ணுக்குத் தெரிந்தன. டாக்டர் வெகுநேரம் எல்லாவற்றையும் பார்த்தார். புதிதாகச் சீவிக் கொடுத்த முப்பது ஸ்லைடுகளையும் பார்த்தார். சுவரை உடைத்து எதுவும் வெளியே வந்திருக்கவில்லை. ரிப்போர்ட்டில் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, "எடுத்தாச்சு, அது பெரிய விஷயம். இன்னொரு பக்கத்தைத்தான் இனிமே பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"எவ்வளவு நாளைக்கு மேடம்?"

"வருஷக்கணக்கா."

ரிப்போர்ட் போன மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி எங்கள் கூடத்துக்கு வந்தான். உள்ளே வரவில்லை. ரிசப்ஷனில் நின்று என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தான். கையில் மடித்த ரிப்போர்ட். மேலே எங்கள் கூடத்தின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது.

எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனோம். கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஹார்ன் சத்தத்தில் பேசுவது கஷ்டமாக இருந்தது. அது நகரும்வரை இரண்டு பேரும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இது ஒங்க லேப்லதான் பாத்தாங்களா?" என்றான்.

"ஆமாம்."

"யாரு பாத்தது?"

"நான்தான் சீவினேன். ரிப்போர்ட்டு டாக்டர் குடுத்தது."

அவன் முகம் சிவந்தது. அந்த வயதில், அந்த மீசையோடு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டான். திரும்பாமலே, "எப்டி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"சின்னதா. வெள்ளையா, கெட்டியா. உள்ள எல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் செல்லு தப்பா மாறியிருந்துச்சு. கொஞ்சந்தான். உடைச்சிக்கினு வெளிய வரல."

"இன்னும் கொஞ்ச நாளு உட்டிருந்தா?"

"தெரியல. அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ. வந்திருக்கலாம்."

தலையாட்டினான். இவ்வளவு நேரம் கழித்துத்தான் நான் சொன்னேன். சீட்டு, சயின்ஸ் டீச்சர், ஸ்டாஃப் ரூம் வாசல், அம்மாவிடம் சொன்ன பொய். படிக்கும்போது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒன்றையும் விடவில்லை. அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், அதுபோலவே சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"நானுந்தான்" என்றான் கடைசியில். "ஐடிஐ சேரச்சொல்லோ ஒரு டாக்டராண்ட போனேன். தொட்டுப் பாத்துட்டு எடுத்துடணும்னாரு. எடுத்துட்டா ஆம்பள இல்லன்னு ஆயிடும்னு பயந்துகினு ஓடியாந்துட்டேன். பத்து வருஷம். இப்போ வலி வந்துச்சு, கம்பெனி மெடிக்கல் செக்கப்புல புடிச்சிட்டாங்க. இல்லன்னா இப்பயும் போயிருக்க மாட்டேன்."

"நீ அப்போ சின்னப் பையன்டா."

"நீ அதவிடச் சின்னது."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்ததாக அவன், "அம்மாக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"சொல்லாத." ரிப்போர்ட்டை இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "இருந்தாலும், படிச்சப்பறம்னாச்சும் சொல்லியிருக்கலாம்க்கா."

குரலில் கோபம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு ஆறு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை. போன் செய்தால் அவன் மனைவிதான் எடுத்தாள். "ஷிஃப்டுல இருக்காரு அண்ணி", "தூங்குறாரு அண்ணி". மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். முதல் முறை வேறு எங்கோ கொடுத்துவிட்டான். இரண்டாம் முறை எங்கள் கூடத்துக்கே வந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் போய்க் கையை நீட்டினான்.

அந்தப் பரிசோதனைகளில் ஒன்று, பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்களா என்று பார்க்கும் அதே சோதனைதான். அந்தச் செல்கள் எங்கேயாவது கட்டியாகி வளர்ந்தால் சிலருக்கு ஆணின் ரத்தத்திலும் அது ஏறும். அதே வாரத்தில் அவன் மனைவியும் அதற்கு ரத்தம் கொடுத்தாள். இரண்டு பேரின் ரத்தம் எடுத்த குழாய்களும் ஒரே மெஷினில், ஒரே தட்டில் நின்றன. அவளுக்கு ஏறியிருக்க வேண்டும், அவனுக்கு ஏறியிருக்கக் கூடாது. திரை முன்னால் நின்று, எண்கள் வரும்வரை, இரண்டும் மாறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மாறவில்லை.

நான்தான் அவனுக்கு முதலில் போன் செய்தேன். அன்று அவனே எடுத்தான்.

"ரெண்டும் நல்லா வந்திருக்கு" என்றேன்.

"ரெண்டும்னா?"

"உனக்கு இல்ல. அவளுக்கு இருக்கு."

லைனில் மெஷின் சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

பெண் குழந்தை பிறந்தது. பேரன் வேண்டும் என்று அம்மா கோயிலில் வேண்டியிருந்தாள். கொஞ்சம் முகம் வாடி, பிறகு சரியாகிவிட்டாள். பிரசவ அறை வாசலில் நர்ஸ் வந்து சொன்னபோது நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பையனாக இருந்திருந்தால் முதலில் எதைப் பார்த்திருப்போம் என்று அவனும் நினைத்திருப்பான். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது மீதி இருக்கும் ஒன்றைத் தானே தடவிப் பார்க்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். முதல் ஸ்கேனிலேயே அந்தப் பக்கம் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. சுண்ணாம்புத் துகள் என்றார்கள். அது மட்டும் என்றால் ஒன்றும் இல்லை, ஆனால் இவனுக்கு இன்னொரு பக்கத்தில் அந்தச் செல்கள் இருந்ததால் கவனிக்காமல் விடக் கூடாது என்றார்கள்.

ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமா என்று சர்ஜன் ஒருமுறை கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். துண்டு எங்கே வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "வேணாம் சார், ஸ்கேனே பாத்துக்கலாம்" என்றான். அதுவும் சரியான வழிதான் என்று சர்ஜன் ஒத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறுகளில் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். ஒன்பது மணிக்குள் "ஓகே" என்று ஒரு மெசேஜ் வரும். போன மாதம் மெசேஜ் வரவில்லை. ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"அக்கா, பட்டாணி மாரி ஒன்னு கீது."

"வலிக்குதா?"

"இல்ல."

கெட்ட கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். மறுநாள் முதல் ஷிஃப்டை விட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்கு வந்தான். ஸ்கேன் அறைக்குள் என்னையும் கூப்பிட்டான், அதுதான் முதல் முறை. திரை என் பக்கம் இருந்தது, அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். கருப்பில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. அவற்றுக்கு மேலே, ஓரமாக, ஓர் இருட்டு வட்டம் வந்தது. ஸ்கேன் டாக்டர் அதை அளந்தார். திருப்பி அளந்தார்.

"நீர்க்கட்டி. விதையில இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கற குழாய்ல. இது ஒன்னும் பண்ணாது" என்றார்.

"அந்தப் புள்ளிங்க சார்?" என்று நான் கேட்டேன்.

"போன வருஷத்தைவிட ரெண்டு மூணு கூடியிருக்கற மாதிரி தெரியுது. தெரியறதுதான், உறுதியா சொல்ல முடியல. வருஷம் வேணாம், ஆறு மாசத்துல வாங்க."

தம்பி ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வெளியே வந்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது, "ரெண்டாம் ஷிஃப்டுக்குப் போயிட்றேன், லீவு மிச்சம்" என்றான். ஹெல்மெட்டை மாட்டி, திரும்பவும் கழற்றினான்.

"அதுவும் எடுக்கணும்னு வந்தா நீ சீவாத. வேற யாராண்டனா குடுத்துடு."

சரி என்றேன். அடுத்த ஸ்கேன் தைப்பூசத்தை ஒட்டி வருகிறது. காலெண்டரில் நான் தேதி எதுவும் குறித்துவைக்கவில்லை, குறித்துவைக்காவிட்டாலும் மறக்காது.